எவ்வளவு உயரம் என்று கேட்கிறார்கள், எவ்வளவு தாழ்வு என்று கேட்பதில்லை

காரோடு ஃபெர்ரியில் போக டிக்கெட் போட்டால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். கார் எவ்வளவு நீளம்? எவ்வளவு உயரம்? கூரை மேல் சைக்கிள் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியாயமான கேள்விகள்தான். நீளத்தை வைத்துத்தான் காசு, உயரத்தை வைத்துத்தான் எந்தத் தளத்தில் நிறுத்துவது என்ற முடிவு. ஆனால் காரின் அடிவயிறு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்வி, நான் பார்த்த படிவம் எதிலும் கிடையாது. அதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. 31 வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் கழித்தவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினன் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறான். ரிட்டயர் ஆன கையோடு பழைய லோட்டஸ் எலிஸ் ஒன்று வாங்கினான். பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஏறுவது என்பது கிடையாது, இறங்குவதுதான். காருக்குள் உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் சக்கர நட்டு நம் கண்ணுக்கு நேராக நிற்கும். "உங்க முட்டிக்கு இது ஆகாது அத்தான்" என்று சொல்லிவிட்டு என்னையே பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போவான். அவனுக்கு ஓர் ஆசை. பிரான்ஸில் ரீம்ஸ் நகருக்கு வெளியே கூ என்ற ஊரில் பழைய கிராண்ட் பிரீ பந்தயச் சாலையின் பிட் கட்டடங்களும் பார்வையாளர் மாடமும் இன்றும் ரோட்டோரம் நிற்கின்றன. கடைசி பிரெஞ்சு கிராண்ட் பிரீ அங்கே நடந்தது 1966-ல். அந்தப் பிட் முன்னால் தன் காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு டோவரிலிருந்து கலே போக வேண்டும்.

போகும் முன் டேப் வைத்து அளந்தோம். தரைக்கும் காரின் அடித்தட்டுக்கும் 12 சென்டிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 230 சென்டிமீட்டர். இதை வீல்பேஸ் என்பார்கள். ஒரு முகட்டின் மேல் கார் ஏறி, முன் சக்கரம் அந்தப் பக்கமும் பின் சக்கரம் இந்தப் பக்கமும் நிற்கும்போது நடுவயிறு முகட்டில் இடிக்குமா என்பதற்குக் கணக்கு சுலபம். வீல்பேஸில் பாதி 115. அந்தத் தூரத்துக்கு 12 சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது. அது ஒரு பக்கம் 6 டிகிரி, இரு பக்கமும் சேர்த்து 12. இரண்டு ஆட்களும் பெட்டியும் ஏறி வண்டி 2 சென்டிமீட்டர் அமுங்கினால் 10 டிகிரிதான் மிச்சம். 20 சென்டிமீட்டர் உயரமும் 260 வீல்பேஸும் உள்ள எஸ்.யு.வி.க்கு இதே கணக்கில் 17 டிகிரிக்கு மேல் வரும். நம்மூர் வேகத்தடையில் வயிறு இடிக்கும் காரையும் இடிக்காத காரையும் பிரிப்பது இந்த எண்தான்.

சரி, ஃபெர்ரியில் முகடு எங்கே வருகிறது? கடல் ஏறி இறங்குவதால் வருகிறது. டோவரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் ஏறக்குறைய 6 மீட்டர் ஏறி இறங்கும். கரை அசையாது, கப்பல் அசையும். இரண்டையும் இணைக்க ஒரு முனையில் கீல் வைத்த பாலம் உண்டு. நீர் ஏறியிருந்தால் பாலம் கரையிலிருந்து மேல்நோக்கிச் சாயும், கப்பல் வாசலில் முகடு விழும். நீர் இறங்கியிருந்தால் பாலம் கீழ்நோக்கிச் சாயும். அப்போது முகடு கரைப் பக்கம், கப்பல் வாசலில் பள்ளம். பள்ளத்தில் வயிறு இடிக்காது, காரின் முன் உதடு தரையில் முட்டும். போதாக்குறைக்கு, லாரிகள் ஏற ஏறக் கப்பல் அமிழும். ஆக முதலில் ஏறிய கார் பார்த்த கோணமும் கடைசியில் ஏறிய கார் பார்த்த கோணமும் ஒன்றல்ல.

பாலம் நீளமாக இருந்தால் தொந்தரவு குறைவு. 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3 மீட்டர் ஏறினாலும் 3 டிகிரிக்குள்தான். வம்பு கப்பலுக்குள்ளே காத்திருக்கிறது. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறும் உள் ராம்ப்கள் இட நெருக்கடியால் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் 7 டிகிரி. அதன் உச்சியில் இரும்பு மடிப்பு ஒன்றும் துருத்திக்கொண்டிருந்தால், வேகமாக ஏறி ஒரு குலுங்கு குலுங்கினாலே நம் 10 டிகிரி கரைந்துபோகும்.

எங்களுக்கு நடந்தது அதுதான். செக்-இன் சாளரத்தில் இருந்த பெண்ணிடம் மச்சினன் தெளிவாகச் சொன்னான், கார் மிகத் தாழ்வு, கீழ்த் தளத்திலேயே நிறுத்த வேண்டும் என்று. அவளும் தலையாட்டினாள். கண்ணாடியில் மாட்டிய சீட்டில் அது எழுதப்படவில்லை. கப்பலுக்குள் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் உள் ராம்ப் பக்கம் கை காட்டினார். மச்சினன் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி மறுபடி சொன்னான். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, பின்னால் பெரிய வேன் ஹாரன் அடித்தது, "கமான், கமான்" என்று கை இன்னும் வேகமாக ஆடியது. பின்னே போக வழியில்லை. உச்சியில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். அலுமினிய அடித்தட்டு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து மடங்கியிருந்தது. ரீம்ஸ் போகவில்லை. கலேயில் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் திரும்பினோம்.

கம்பெனியிலிருந்து வந்த பதில் இரண்டு பத்தி. வண்டியைக் கப்பலில் ஓட்டி ஏற்றுவது ஓட்டுநர் பொறுப்பு, தாழ்வான வண்டி என்றால் ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்று விதிகளிலேயே இருக்கிறது. சொன்னோமே! இரண்டு முறை சொன்னோம். வாயால் சொன்னது ஒரு சாளரத்தைத் தாண்டவில்லை என்பதுதான் என் வழக்கு. கப்பலில் வாயால் சொல்லும் முக்கியச் செய்தி எதையும் நாங்கள் நம்பியதில்லை. எரிபொருள் வால்வு மாற்றுவதென்றால் சீட்டு, கையெழுத்து எல்லாம் உண்டு.

"பணக்காரன் பொம்மைக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று என் மகளே கேட்டாள். நியாயம்தான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். பெரிய எலெக்ட்ரிக் கார் ஒன்று, அடியில் பேட்டரி, வீல்பேஸ் 290 சென்டிமீட்டர், உயரம் 14. கோணம் 11 டிகிரி! ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்து வீடு. அங்கே உரசுவது அலுமினியத் தகடாக இருக்காது, பேட்டரி உறையாக இருக்கும். அதைவிட என்னை உறுத்துவது, வீல்சேரோடு ஏறுவதற்காகத் தளத்தை வெட்டித் தாழ்த்திய குடும்ப வண்டிகள். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் ராம்பில் மாட்டினால் இறங்கி நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

சாதாரணக் காருக்கே இது வந்திருக்கிறது. வைட் தீவில் மெடினா ஆற்றின் குறுக்கே கௌஸுக்கும் கிழக்கு கௌஸுக்கும் இடையே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு ஃபெர்ரி உண்டு, மிதவைப் பாலம் என்பார்கள். 2017 மே மாதம் புதிய கலம் வந்தது. வந்ததுமே கார்களின் அடி உரசுகிறது என்று புகார், பிறகு சேவையையே நிறுத்திச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

பழைய கதையையும் பார்க்கலாம். டோவரில் 1928-ல் கேப்டன் டவுன்சென்ட் கார்களுக்கென்று கப்பல் விட்டபோது கிரேன் வைத்துத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். ஓட்டி ஏற்றும் துறை 1953-ல் வந்தது. இடையில் 1936-ல் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்ற வேண்டி வந்தபோது, தண்டவாளம் சரிவைத் தாங்காது என்று கதவு போட்ட தனித் துறையே கட்டி, தண்ணீரைப் பம்பு செய்து மட்டத்தைச் சரிசெய்தார்கள். ரயிலுக்காகக் கடலையே நிறுத்தி வைத்த ஊர் அது. காருக்கு நான் அவ்வளவு கேட்கவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் போதும், உயரம் எவ்வளவு, வீல்பேஸ் எவ்வளவு. கோணத்தைக் கம்ப்யூட்டர் போடும். ஒவ்வொரு கப்பலிலும் மிகக் கூர்மையான முகடு எத்தனை டிகிரி என்பது அதன் வரைபடத்திலேயே இருக்கிறது. நீர்மட்டமோ ஒரு வருஷத்துக்கு முன்பே அட்டவணையாக அச்சாகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, "கீழ்த் தளம் மட்டும்" என்று ஒரு சிவப்புச் சீட்டை அச்சடித்துக் கண்ணாடியில் மாட்டினால், கை காட்டுகிறவருக்கு எந்த இரைச்சலிலும் கண்ணுக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புறப்படும் நேரத்துக்குள் கப்பலை நிரப்ப வேண்டிய மனுஷன் அவர்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி இன்னும் 3 சென்டிமீட்டர் இறக்கிவிட்டுக் கப்பல்காரனோடு சண்டைக்குப் போகாதீர்கள். புதிய கார்கள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்கு மட்டும் சில சென்டிமீட்டர் தூக்கும். முன் உதட்டைக் காப்பாற்ற நல்லது, நடுவயிற்றுக்கு அவ்வளவு உதவாது. இடம் இருந்தால் ராம்பில் சற்றுக் குறுக்காக, நடை வேகத்தில் ஏறுங்கள். நிறுத்தியபின் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, திருட்டு அலாரத்தை அணைத்துவிட்டு மேலே போங்கள். இல்லாவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் கார் அலறும்.

மச்சினனுக்கு அடுத்த முறைக்கு நான் போட்டுக் கொடுத்திருப்பது இது. பௌர்ணமி, அமாவாசையை விட்டு ஒரு வாரம் தள்ளி நாள் பார். அப்போது ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. அந்த நாளிலும் டோவரின் உச்ச ஏற்றத்துக்கும் அடி இறக்கத்துக்கும் நடுவில் புறப்படும் கப்பலைப் பிடி. கலேயில் இறங்கும் நேரத்துக்கும் அதே அட்டவணையைப் பார், ஒன்றரை மணி நேரத்தில் மட்டம் மாறியிருக்கும். "பந்தயத்துக்குப் போறோமா, ஜோசியம் பாக்குறோமா அத்தான்" என்கிறான். அடித்தட்டு புதிதாகப் போட்டாயிற்று. அதன் பில்லோடு இந்தப் பதிவின் ஆங்கில வடிவத்தையும் சேர்த்துக் கம்பெனிக்கு மறுபடி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறேன்.