செடி எழுதும் கணக்கு

பி.காம். படித்தவனுக்கும் ரசாயனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் எந்தச் சமாசாரமும் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிடும். இந்த வாரம் அந்த மூன்று கட்டத்தை ஒரு செடிக்குப் போட்டுப் பார்ப்போம்.

செடி பகல் பூரா வேரால் தண்ணீர் குடிக்கிறது. குடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், இலையில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. வரவு தண்ணீர், செலவு ஆவி, இருப்பு சொற்பம். கிட்டத்தட்ட நம்ம சம்பளக் கணக்குதான். ஒண்ணாம் தேதி ஏறும், பத்தாம் தேதி போயே போச்சு.

அந்தத் தண்ணீரில் ஆவியாகத் தெரியாத பேர்வழி ஒருத்தன் கலந்திருந்தால்? அவனும் ஓசி சவாரியில் இலை வரை வந்துவிடுவான். தண்ணீர் பறந்துவிடும், இவன் பறக்கமாட்டான். மறுநாள் தண்ணீரில் இவன் பங்காளி வந்து சேருவான். அறுவடை வரை இதே கதை. வரவு உண்டு, செலவு கிடையாது. கடைசியில் மண்ணில் இருந்ததைவிட இலையில் அதிகமாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

இந்தப் பேர்வழிக்கு பி.எஃப்.ஏ.எஸ். என்று பெயர். ஒரே ஆள் இல்லை, ஆயிரக்கணக்கான உருப்படிகள் கொண்ட கூட்டுக் குடும்பம். கார்பனும் ஃப்ளோரினும் கைகோத்த குடும்பம். கார்பன் போடும் ஒற்றை முடிச்சுகளில் இதைவிடக் கெட்டியானது கிடையாது. வெயில், மழை, மண்ணிலுள்ள பாக்டீரியா எதற்கும் மசியாது. மார்க்கண்டேயனாவது ஒருத்தர்தான், இவர்கள் ஊர் பூரா சிரஞ்சீவிகள்.

1938-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடப்போய், சிலிண்டருக்குள் வழுவழுவென்று ஒரு வெள்ளைப் பவுடரைப் பார்த்தார். அதுதான் டெஃப்லான். அப்புறம் இந்த வம்சம் தவா, ரெயின்கோட், தீயணைக்கும் நுரை, எண்ணெய் ஊறாத காகிதம் என்று பரவியது. தோசை ஒட்டக்கூடாது என்று கொண்டுவந்த குடும்பம், உலகத்தில் மற்ற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றால், ஜெர்மனியின் தென்மேற்கில் ராஸ்டட் என்ற ஊரைச் சுற்றியிருக்கும் விவசாயிகளைக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நிலத்தில் இந்த ரசாயனம் இறங்கியிருக்கிறது என்பது 2013 வாக்கில் வெளியே வந்தது. காகித ஆலைக் கழிவு கலந்த கம்போஸ்ட்டை வயலில் போட்டதுதான் காரணம் என்று அதிகாரிகள் கைகாட்டினார்கள். உரம் என்று சொன்னார்கள், போட்டுக்கொண்டார்கள். அது நிலத்தடி நீருக்கும் போய்விட்டது.

இப்போது அங்கே பாதிக்கப்பட்ட வயலில் அறுவடைக்கு முன்பே பயிரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போகிறார்கள். பாஸானால்தான் சந்தை. கோதுமை மணியில் இந்த ரசாயனம் தாராளமாக ஏறுகிறது, மக்காச்சோள மணியில் குறைவு. ஆகவே என்ன விதைப்பது என்று முடிவு செய்வது விவசாயி இல்லை, எப்போதோ யாரோ கொட்டிவிட்டுப் போன சேறு.

குடும்பத்தில் அண்ணன், தம்பி வித்தியாசமும் உண்டு. எட்டு கார்பன் நீளமுள்ள அண்ணன் மண்ணையும் வேரையும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு நல்ல பெயர் கிடையாது. 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் ஏறினான். 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவன் என்றே முத்திரை குத்தியது. 2024-ல் அமெரிக்கா இவனுக்குக் குடிநீரில் வைத்த உச்சவரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டால் அதில் நாலு பங்கு, ஸார்!

அண்ணன் கெட்டவன் என்று கம்பெனிகள் நாலு கார்பன் தம்பியைக் கூட்டிவந்தன. உடம்பில் தங்காமல் சீக்கிரம் வெளியேறுவான், ஆகவே சாது என்றார்கள். செடிக்குள் தம்பிதான் கில்லாடி. சின்ன உருவம், தண்ணீரோடு விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவான். லெட்டூஸ் இலையிலும் தக்காளிப் பழத்திலும் அண்ணனைவிட அதிகமாக அகப்படுகிறவன் இவன்தான். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கரி ஃபில்டரிலிருந்தும் அண்ணனுக்கு முன்னால் நழுவிவிடுவான்.

'நன்றாகக் கழுவிவிட்டால் போகாதா?' என்று கேட்பீர்கள். கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மண் போகும். இவன் குடியிருப்பது இலைக்குள்ளே. கொதிக்க வைத்தால் சாம்பார் கொதிக்கும், இவன் கொதிக்கமாட்டான்.

'அப்படியானால் செடியை வைத்தே மண்ணைச் சுத்தம் பண்ணிவிடலாமே?' நல்ல யோசனைதான், ஆராய்ச்சி செய்தும் பார்க்கிறார்கள். ஆனால் உறிஞ்சிய செடியை என்ன செய்வது? மட்க விட்டால் மறுபடி மண்ணுக்கே போய்விடும். எரித்து ஒழிக்க வேண்டுமானால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சாதாரண அடுப்புக்கு நடக்காது. எங்கள் பாஷையில் சொன்னால் இது மாற்றல் பதிவு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும், கணக்குத் தீராது.

செலவு வைக்க வழியில்லாத கணக்கில் வரவை நிறுத்துவது ஒன்றுதான் பாக்கி. 2023-ல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஐந்தும் சேர்ந்து, அண்ணன் தம்பி பார்க்காமல் மொத்தக் குடும்பத்துக்கும் ஐரோப்பாவில் தடை வேண்டும் என்று முன்மொழிந்தன. மாற்றுப் பொருள் கிடைக்கிற வரையில் அவகாசம் வேண்டும் என்பது தொழிற்சாலைக்காரர்களின் கட்சி. பொறுமையாக உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்தான். ராஸ்டட் விவசாயிக்கு மட்டும் அவகாசம் கிடையாது. ஒவ்வொரு போகத்துக்கும் பரிசோதனை முடிவு வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு வரப்பில் நிற்கவேண்டும்.