கொம்புக்கு மார்க் போடுகிறவர்கள்

‘உனக்கென்ன தலையில கொம்பா முளைச்சிருக்கு?’ என்று நம்மூரில் யாரையாவது கேட்டால் சண்டை வரும். அமெரிக்க மான் வேட்டைக்காரர் காதில் ‘கொம்பு’ என்ற வார்த்தை விழுந்தால் போதும், டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ‘எத்தனை அங்குலம்? டிபிக்கலா, நான்-டிபிக்கலா?’

ஜோக் இல்லை. அங்கே இது பெரிய சர்ச்சை. வெள்ளைவால் மான் என்று ஓர் இனம். வருடா வருடம் சீசனில் லட்சக்கணக்கில் சுடுகிறார்கள். சுட்ட மானின் கொம்பை அளந்து, மார்க் போட்டு, பெரிசாக இருந்தால் ரெக்கார்டு புத்தகத்தில் ஏற்றுகிறார்கள். பிற்பாடு ஜனாதிபதி ஆன தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த பூன் அண்ட் கிராக்கெட் கிளப்தான் இதில் அத்தாரிட்டி. மார்க் முறை 1950-ல் வந்தது.

இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போனால் ‘டிபிக்கல்’. லட்சணக் கொம்பு. கண்ட இடத்தில் கிளை முளைத்து, ஒன்று கீழே தொங்கி, இன்னொன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் ‘நான்-டிபிக்கல்’. கோணல் கொம்பு.

நான் பி.காம். படித்தவன். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்ததும் எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. லட்சணக் கொம்புக்கு முதலில் மொத்த மார்க். இடது கிளைக்கும் வலது கிளைக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசமோ, அத்தனையும் கழிவு. தப்பான இடத்தில் முளைத்த கிளைக்கும் கழிவு. மிச்சம் நிகர மார்க். அதே மானைக் கோணல் பிரிவுக்கு மாற்றினால், கழிவாக இருந்த உபரிக் கிளை வரவாகிவிடும்! ஒரே எலும்பு, இந்தப் பக்கம் நஷ்டம், அந்தப் பக்கம் லாபம். நம்மூர் ஆடிட்டர்கள்கூட இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. புத்தகத்தில் நிரந்தர இடம் பிடிக்க லட்சணத்துக்கு 170, கோணலுக்கு 195 வேண்டும்.

வேட்டைக்காரர்களுக்குள் இதில் ரெண்டு கட்சி. ‘ஒத்துப்போகிற கொம்புதான் அழகு, கிடைப்பதும் கஷ்டம்’ என்பது லட்சணக் கட்சி. ‘உலகத்தில் ஒரு கோணல் கொம்பு மாதிரி இன்னொன்று கிடையாது, அதுதான் சுவரில் மாட்ட லாயக்கு’ என்பது கோணல் கட்சி. ‘மான் வளர்த்த கொம்பில் கழிக்க நீ யார்?’ என்று கேட்கிற மூன்றாவது கோஷ்டியும் உண்டு. அட, நியாயம் பேசுகிறார்களே என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த மார்க்கை அப்படியே கொடு என்பதுதான் அவர்கள் கோரிக்கை. மானைச் சுட நீ யார் என்று அந்தக் கோஷ்டியிலும் யாரும் கேட்கவில்லை. எனக்கு எல்லாமே ஒரே கடையின் விலைப்பட்டியல்களாகத்தான் தெரிகின்றன.

லட்சணம், கோணல் என்று தரம் பிரிப்பது நியாயமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. விருத்தாசலம். பீங்கான் ஊர். தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது. ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரைக்கும் அங்கிருந்து வருகிறது. பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் ஒட்டிக்கொண்டு கெட்டியாகிறது. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மான் பொம்மை என்றால் மெலிசான இடம் கொம்பு. கோணுவதென்றால் அங்கேதான் கோணும். கோணினால் அது செகண்ட்ஸ். விலை குறையும், பட்டறைக்காரருக்கு நஷ்டம்.

ஒத்துக்கொள்கிறேன். பொம்மைக்கு அச்சு இருக்கிறது. அச்சிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கலாம், அதற்கேற்ப விலையைக் குறைக்கலாம். மானுக்கு அச்சு எங்கே சார் இருக்கிறது?

கொம்பு ஏன் கோணுகிறது என்று தெரிந்தால் இந்த மார்க் இன்னும் அசிங்கமாகத் தெரியும். மான் கொம்பு வருடந்தோறும் உதிர்ந்து திரும்ப முளைக்கிற எலும்பு. வளரும் மாதங்களில் மேலே வெல்வெட் மாதிரி ரோமத்தோல், உள்ளே ரத்த ஓட்டம். அந்தச் சமயத்தில் அடிபட்டால் கோணும். நெற்றியில் கொம்பு முளைக்கும் அடிக்கட்டையே அடிபட்டால் வருடக்கணக்கில் கோணலாகவே முளைக்கும். பின்னங்காலில் காயம்பட்டு, எதிர்ப்பக்கக் கொம்பு கோணிப்போவதும் உண்டு. பரம்பரை, வயது, ஹார்மோன் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆக, பல கோணல் கொம்புகள் அந்த மான் பட்ட காயத்தின் ரசீது. அந்த ரசீதைத்தான் அங்குலம் அங்குலமாகக் கூட்டி மார்க் போடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. வெள்ளைவால் மானில் கோணல் பிரிவின் உலக சாதனை 333 மார்க்குக்கும் மேல். அதை எந்தச் சூரனும் சுடவில்லை. 1981-ல் மிசௌரி மாநிலத்தில் வேலியோரம் செத்துக் கிடந்தது. அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது 1940-ல் ஒஹையோவில் கிடைத்தது. அதுவும் செத்துக் கிடந்ததுதான். வேட்டைக்காரன் கையில் சிக்காமலே வாழ்ந்து முடித்த ரெண்டு மான்கள் வேட்டைக்காரர்களின் புத்தகத்தில் முதல் ரெண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

‘வேட்டைக்காரன் காசில்தான் காடே பிழைக்கிறது’ என்று பதில் வரும். பாதி உண்மை. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி போட்டு வனவிலங்குக்குச் செலவழிக்கும் சட்டம் அங்கே 1937-லேயே வந்தது. 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான் இன்று கோடிக்கணக்கில் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு மானின் தலையை எண்ணினால் போதுமே, கொம்பை எதற்கு அளக்க வேண்டும்? அளக்க ஆரம்பித்ததும் சந்தை வந்துவிட்டது. டெக்சாஸில் பண்ணை வைத்து, பொறுக்கி இனம் சேர்த்து, தலை கொள்ளாத கோணல் கொம்போடு மான் வளர்க்கிறார்கள். உயர வேலிக்குள் விட்டுக் காசு வாங்கிக்கொண்டு சுடவும் விடுகிறார்கள். மூளையை அரித்துக் கொல்லும், மருந்தே இல்லாத ஒரு மான் நோய் 2015-ல் அங்கத்திய பண்ணை மான்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

பெரிய கொம்பைத் தேடித் தேடிச் சுட்டால் என்ன ஆகும்? கனடாவின் ராம் மலையில் காட்டுச் செம்மறிகளை முப்பது வருடம் அளந்து பார்த்தார்கள். 2003-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. பெரிய கொம்புக் கிடாக்கள் வாரிசு பெருக்குவதற்கு முன்பே சுடப்பட்டுவிட, தலைமுறைக்குத் தலைமுறை கொம்பும் உடம்பும் சிறுத்துவிட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழில் தந்தமும் கொம்புதான், தந்தமுள்ள யானை கொம்பன்தான். பக்கத்துப் பெரியாறு காட்டில் தந்தத்துக்காகக் கொம்பன்களைக் கொன்று கொன்று, நூறு பெண் யானைக்கு ஓர் ஆண் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்லும் நிலை வந்தது. தந்தமில்லாத மக்னா தப்பித்தது.

‘நாமென்ன அமெரிக்கனா?’ என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கோணலைக் காசாக்கும் புத்தி நமக்கும் உண்டு. சங்கு வழக்கத்துக்கு மாறாகச் சுழித்துவிட்டால் அதன் பெயர் வலம்புரி, விலை கேட்டால் தலை சுற்றும். மான் கதையும் அப்படித்தான். நீலகிரியில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் 1877-லேயே சங்கம் வைத்தார்கள். லண்டனில் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்டு 1892-லிருந்து போட்ட ரெக்கார்டு புத்தகத்தில் நம்ம கடமானும் புள்ளிமானும் அங்குலக் கணக்கில் இருக்கின்றன. ரெண்டுக்கும் பக்கத்துக்கு மூன்று கிளைதான் வழக்கம், நாலாவது முளைத்தால் அதிசயம். மைசூரில் வான் இங்கன் குடும்பம் 1999 வரை பாடம் செய்யும் தொழிற்சாலை நடத்தியது. துரை பார்த்து ஜமீன் மாட்டினார், ஜமீன் பார்த்து மிராசுதார் மாட்டினார்.

1972 சட்டமும் 1991 திருத்தமும் வந்தபிறகு விளையாட்டுக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. வீட்டில் பழைய கொம்பு வைத்திருந்தவர்களுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்துக் கணக்குக் காட்டச் சொன்னார்கள். உரிமைச் சான்று வைத்திருப்பவரும் விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். இவ்வளவு இருந்தும், ஹாலில் டி.வி.க்கு மேலே கொம்பை மாட்டி வைத்துக்கொண்டு, ‘தாத்தா காலத்து கௌரவம் சார்’ என்கிறவர்களைப் பார்க்கிறேன். சான்று எங்கே என்றால் பேச்சை மாற்றுகிறார்கள். கௌரவமாம்! நெற்றியில் முளைத்தது மானுக்கு, நெஞ்சை நிமிர்த்துவது இவரா? மான் வேண்டுமென்றால் விருத்தாசலத்தில் கோணல் கொம்பு பொம்மை ஒன்று வாங்கி வையுங்கள். பட்டறைக்காரருக்காவது நஷ்டம் குறையும்.

இன்னொரு ரகம் இருக்கிறது. ‘கொன்னு எடுக்கலை சார், காட்டுல தானா விழுந்து கிடந்தது, பொறுக்கினேன். இதுல யாருக்கு நஷ்டம்?’

வனத்துறை இந்தப் பதிலை ஏற்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உதிர்ந்த கொம்பைக் காட்டில் முள்ளம்பன்றி கடித்துத் தின்கிறது, சுண்ணாம்புச் சத்துக்காக. எலிகள் கொறிக்கின்றன. சில சமயம் மான்களே வந்து சவைக்கின்றன. அடுத்த கொம்பு முளைக்க அதற்கும் சுண்ணாம்பு வேண்டுமே.