கள்ளுக்குப் போன காசு

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. இரு கட்சியாரும் உரக்கப் பேசுகிறார்கள். கணக்குப் பார்த்துப் பேசுவோர் சிலரே.

ராஜாஜியின் மந்திரி சபை 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தது. நாமக்கல்லும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. சட்டத்தோடு விஷயம் நின்றுவிடவில்லை. சென்னைப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதன் பலன்களை ஆராய்ந்தார். கள்ளுக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியதா? மரமேறியவர்களின் பிழைப்பு என்னவாயிற்று? இவற்றுக்கு விடை குடிசைகளில்தான் கிடைக்கும், காரியாலயக் கோப்புகளில் அல்ல. சர்க்காருக்கும் நஷ்டம் உண்டு. அதை ஈடுகட்டவே 1939-ல் விற்பனை வரி வந்தது.

2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கஜானாவுக்கு வரும் தொகை பட்ஜெட்டில் தெரிகிறது. தறிக்காரர் வீட்டிலும் லாரி டிரைவர் வீட்டிலும் கரையும் கூலி எந்தப் பட்ஜெட்டிலும் தெரிவதில்லை.

சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக் கழகத்திடம் இப்பணியை ஒப்படைக்கலாம். இரு ஜில்லாக்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, முடிவைச் சட்டசபையில் வைக்கட்டும். அது யாருக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்கக் கூடாது. அதன் பிறகு வாதாடுவோம்.