பழைய பென்ஸும் தங்கச்சியின் வளையல்களும்



அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் கார் எஞ்சினைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் எனது தங்கச்சியின் நான்கு தங்க வளையல்கள் ஒரு பழைய பென்ஸ் காருக்குள் போய்ச் சேர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். காரின் விலையை மட்டும் எழுத வேண்டாம் என்றாள்.

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பாவித்த சின்னஞ்சிறு ஜப்பான் கார்களுக்குக்கூட வாயைப் பிளக்க வைக்கும் விலை. 2021இல் மச்சானின் கண்ணில் 1982ஆம் ஆண்டின் பென்ஸ் ஒன்று பட்டது. 240டி என்ற டீசல் கார். சின்னக் காரின் விலையை விடக் குறைவாக ஒரு பென்ஸ்! அன்றிரவு மச்சானுக்குத் தூக்கமில்லை. மறுநாள் தங்கச்சிக்குத் தூக்கமில்லை.

காரைக் குறை சொல்ல முடியாது. கம்பனிக்காரர் 123 என்று இலக்கமிட்ட அந்த வகையை 1976 முதல் பத்து வருடமளவில் ஜேர்மனியில் செய்தார்கள். ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் விற்றன. ஜேர்மனியில் வாடகைக் காராக ஓடி ஓடிப் பெயரெடுத்த வகை அது. மச்சான் எங்கோ கேட்ட ஒரு கதையையும் அடிக்கடி சொல்வார். கிரேக்க நாட்டு வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர், இதற்கு முந்திய வகையிலான 240டி கார் ஒன்றில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடினாராம். 2004இல் அந்தக் காரைக் கம்பனியே தனது நூதனசாலைக்கு வாங்கிக்கொண்டதாம். கதை உண்மைதான். ஆனால் அந்த மனிதர் எஞ்சினைக் கழற்றி மாற்றி மாற்றிப் போட்டே அவ்வளவு தூரம் ஓடினார். அந்தப் பகுதியை மச்சான் சொல்வதில்லை.

எமது ஊர் கராஜில் வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார். காரை வாங்குமுன் மச்சான் அவரிடம் காட்டினார். பாஸ் இரண்டு விடயம் சொன்னார். எஞ்சின் பரவாயில்லை, ஆனால் கையிலிருப்பதை எல்லாம் கொடுத்து வாங்காதே, மூன்றில் ஒரு பங்கையாவது காருக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள். மச்சான் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஆடம்பரக் கார் பழசாகும்போது அதன் விலை இறங்குகிறது. ஆனால் அதன் உதிரிப்பாகம் இறங்குவதில்லை. அது பணக்காரருக்கென்று செய்யப்பட்ட வண்டி. அதன் ஒரு இறப்பர் புஷ்ஷும் பணக்காரரின் கணக்கிலேயே விலை போடப்பட்டது. நாற்பது வயதான பிறகு கார் எமது வாசலுக்கு வந்துவிடும். பாகத்தின் விலை எமது வாசலுக்கு இறங்கி வராது. பழைய வகைகளுக்கும் கம்பனி இன்றுவரை பாகங்கள் செய்து விற்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த விலை வெளிநாட்டுக் காசில். 2022 மார்ச்சில் எமது ரூபா சரிந்தபோது, ஒரு மாதத்துக்கு முன் விசாரித்து வைத்த சாமான் மறுமாதம் கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விட்டது. பிறகென்ன, பஞ்சிகாவத்தைக்குப் போய்க் கழற்றிய பாகம் தேட வேண்டியதுதான். அங்கே போவதென்றாலும் காரின் சேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஒரே உருவம், ஒரே பெயர், ஆனால் வருடத்துக்கு வருடம் பாகம் வேறு. மச்சான் அது தெரியாமல் இரண்டு தடவை பஸ் காசைச் செலவழித்தார்.

2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தது. கார் மாதக்கணக்கில் நின்றது. ஓடாமல் நின்றால் தேயாதே என்று நாம் நினைக்கிறோம். பழைய கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். இறப்பர் காய்ந்து வெடிக்கும், பற்றரி இறங்கும், பிரேக் இறுகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும். தங்கச்சியின் வீடு கடற்கரையோரம். உப்புக்காற்று கார்பெட்டுக்குக் கீழேயும், பற்றரி வைக்கும் தட்டுக்குக் கீழேயும், ஜெக் கொடுக்கும் இடங்களிலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே பெயின்ற் பளபளவென்றுதான் இருந்தது.

மீண்டும் ஓடத் தொடங்கியபோது புதினமான ஒரு நோய். ஒருநாள் பார்மசி வாசலில் காரை நிறுத்தி, மச்சான் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். எஞ்சின் நிற்கவில்லை. பிள்ளைகள் பின்னால், தங்கச்சி முன்னால், சுற்றிவர ஆட்கள். எனக்குக் கோல் எடுத்தாள்: “நானா, சாவி இவங்கட கைல ஈக்கி, எஞ்சின் நிக்கிதில்ல!”

பாஸ் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரத்தை வெட்டினால் நின்றுவிடும். டீசலுக்குப் பொறி இல்லை. எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும். இந்தக் காரில் எண்ணெயை நிறுத்தும் வேலையைக் காற்றை உறிஞ்சும் சக்தி செய்கிறது. வேக்யூம் என்பார்கள். மெல்லிய குழாய்களும் சிறு இறப்பர் இணைப்புகளும் அதைக் கொண்டு செல்கின்றன. ஓட்டை விழுந்த குழாயால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், அதேதான். உடனடிப் பரிகாரம், பொனெட்டைத் திறந்து ‘ஸ்டொப்’ என்று எழுதிய சிறு பிடியை அழுத்துவது. நிரந்தரப் பரிகாரம், காய்ந்துபோன ஒரு விரல் நீள இறப்பர்.

எல்லோரும் சிரித்தோம். பாஸ் சிரிக்கவில்லை. அந்த உறிஞ்சு சக்தியைத் தரும் பம்ப்தான் பிரேக்குக்கும் துணை செய்கிறது, பெடல் கல்லாக இறுகினால் சின்ன விடயம் என்று ஓட்டாதே என்றார். வீட்டிலேயே பார்க்கும் ஒரு வழியையும் தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்தார். எஞ்சின் நின்றிருக்கும்போது பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தால் பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரை வெளியே எடுக்கக் கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் சொன்னார். அன்றுதான் தங்கச்சி பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினாள். திகதி, செய்த வேலை, கொடுத்த காசு.

ஆனால் கார் பெரிய அடி கொடுத்தது 2023இல். அக்குறணையில் ஒரு கல்யாணம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. பாஸ் மாற்றச் சொல்லியிருந்த ஹோஸ், மச்சான் தள்ளிப்போட்டிருந்தார். அது மட்டுமா? கூலண்ட் ஊற்றச் சொன்னதற்கு, “நம்ம நாட்டில் பனி பெய்யுதா?” என்று கேட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தார். நம்மில் பலர் இப்படித்தான். கூலண்ட் குளிருக்கு மட்டுமல்ல. உள்ளே துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான்.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்துங்கள் என்றாள் தங்கச்சி. ஏற்றம் முடியட்டும் என்றார் மச்சான். ஏற்றம் முடிவதற்குள் எஞ்சினின் தலைப்பக்கத்து கெஸ்கட் போய்விட்டது. (அப்படியொரு நேரத்தில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.)

அதன் பிறகு விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. விடிகாலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, நாளுக்கு நாள் தண்ணீர் குறையும். ஆனால் தண்ணீரை நிரப்பி, அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்தால் பார்ப்பவருக்கு உடனே தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கணவனும் மனைவியுமாக வாங்க வந்தார்கள். மச்சான் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார்.

நானும் அங்கிருந்தேன், கையில் தேநீர்க் கோப்பையோடு. விற்கும் பொருளின் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது நான் வருடா வருடம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பாடம். மச்சானுக்கும் தெரியும். ஆனால் அவரது முகத்தைப் பார்த்தேன், தங்கச்சியின் வெறும் கையைப் பார்த்தேன். நான் வாய் திறக்கவில்லை.

வந்த பெண் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது கையில் வளையல்கள் இருந்தன. தங்கச்சி கார்க் கதவடியில் போய் நின்று சொன்னாள்: “ராத்தா, இத இப்ப பாக்காதீங்க. நாளைக்கி சுபஹுக்குப் பொறகு, எஞ்சின் சூடாகுறதுக்கு முந்தி வந்து பாருங்க.” பிறகு கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர்கள் மறுநாள் வரவில்லை. மச்சான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாஸிடம் போனார். எஞ்சினின் தலையைக் கழற்றி, தளத்தை மட்டப்படுத்தி, புது கெஸ்கட் போட்டு, எல்லா ஹோஸையும் மாற்றி, முறையாகக் கூலண்ட் ஊற்றினார்கள். காசை மொத்தமாகக் கொடுக்க முடியவில்லை. பாஸ் ஆறு மாதம் பொறுத்தார்.

கார் இன்னும் அவர்கள் வீட்டு போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது ஓட விடுகிறார்கள். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது தங்கச்சி புகைக்குழாய்ப் பக்கம் வந்து நிற்பாள். இப்போது புதிய கார்கள் வருகின்றனவே, மாற்றுவதில்லையா என்று சென்ற மாதம் கேட்டேன். மச்சான் பதில் சொல்லாமல் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கப் போனார். தங்கச்சி கொப்பியை எடுத்து வந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். ‘வளையல் 4’ என்று எழுதி, பக்கத்தில் பவுன் கணக்கு. அதில் இரண்டு வெட்டப்பட்டிருந்தது. அந்த இரண்டும் அவளது கையில் கிடந்தன.