இன உறவும் அரசியல் தலைமையும்: இரு உரைகள்

“இனங்களிடையே ஒற்றுமையை வளர்ப்பது தலைவர்களின் கடமை” என்று கட்டுரையில் எழுதாத மாணவர் அரிது. அவ்வசனத்தில் பிழையில்லை. ஆனால் அக்கடமை எந்த நேரத்தில், எந்த வடிவில் ஒரு தலைவரின் முன் வந்து நிற்கிறது என்பதை எழுதுவோர் குறைவு. இரு நாடுகளில் நிகழ்த்தப்பட்ட இரு உரைகளை நோக்கினால் இது விளங்கும்.

1993 ஏப்பிரல் 10 ஆம் திகதி தென்னாபிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் கிறிஸ் ஹானி தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின இளைஞர்களின் பெருமதிப்பைப் பெற்றிருந்தவர் அவர். சுட்டவரோ போலந்திலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையர். நாடு பற்றி எரியப்போகிறது என்று பலரும் அஞ்சினர். அதன்பின் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசிய நெல்சன் மண்டேலா அப்போது எந்த அரச பதவியும் வகிக்கவில்லை. கொலையாளி வெள்ளையர் என்பதை அவர் மறைக்கவில்லை. அதேவேளை, கொலையாளியின் காரிலக்கத்தைக் கவனித்துப் பொலிசாருக்கு அறிவித்தவரும் ஒரு வெள்ளையினப் பெண்மணியே என்பதைச் சேர்த்துச் சொன்னார். இரண்டும் உண்மைகள். ஆத்திரத்தில் இருந்த தம் மக்களுக்கு அவ்விரண்டாவது உண்மையைச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டியிருந்தது. அதன் பின்னரும் வன்முறைகள் நிகழ்ந்தன, உயிர்களும் பறிபோயின. ஓர் உரை எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. எனினும் பேச்சுவார்த்தை முறியவில்லை. 1994 ஏப்பிரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதலாவது பொதுத்தேர்தல் நடைபெற்றது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1958 மே 22 ஆம் திகதியளவில் பொலன்னறுவையில் புகையிரதப் பயணிகள் மீதான தாக்குதலுடன் கலவரம் தொடங்கியது. 25 ஆம் திகதி மட்டக்களப்புப் பகுதியில் சிங்களவர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள் வானொலியில் உரையாற்றிய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா அமைதி காக்குமாறு கேட்டார். ஆனால் அக்கொலையே கலவரத்துக்குக் காரணம் என்று கேட்போர் எண்ணும்படி பேசினார். முன்னைய நாட்களில் தமிழருக்கு நேர்ந்தவை அதில் மறைந்துபோயின. அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் அந்நாட்களில் இருந்தன. அவர்களைப் பற்றிய பேச்சல்லவா அன்று நாடெங்கும் கேட்டிருக்க வேண்டும்? அவசரகால நிலை 27 ஆம் திகதியே பிரகடனப்படுத்தப்பட்டது.

பண்டாரநாயக்கா இனத்துவேஷம் கொண்டவர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது சரியன்று என்பதே எமது கருத்து. 1957 யூலை 26 ஆம் திகதி தந்தை செல்வாவுடன் ஒப்பந்தம் செய்தவரும் அவரே. தீர்வு எதுவென அவர் அறிந்திருந்தார். 1958 ஏப்பிரல் 9 ஆம் திகதி தமது வீட்டின் முன் திரண்ட பிக்குகளுக்குப் பணிந்து அதனைக் கைவிட்டார். அறியாமையை விட இப்பணிவே கூடிய கேடு விளைத்தது.

பழியை அவர்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது. அவ்வொப்பந்தத்தை எதிர்த்து 1957 ஒக்டோபரில் கண்டி நோக்கிப் பாதயாத்திரை புறப்பட்டது ஐக்கிய தேசியக் கட்சி. 1965இல் அதே கட்சியின் டட்லி சேனாநாயக்கா தந்தை செல்வாவுடன் வேறோர் ஒப்பந்தம் செய்து, பிரதமரானார். 1966 சனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பு வீதிகளில் இறங்கியோருள் பண்டாரநாயக்கா தொடங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியினரும் இருந்தனர்.