கனவுக்குப் புகை எதற்கு?

விடுதி நண்பர் ஒருவருக்கும் எனக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு. "திரையில் கனவு என்றால் புகை வேண்டும், இல்லையேல் அது கனவென்று எப்படித் தெரியும்?" என்பார் அவர். "தெரியாமற் போனால்தான் என்ன?" என்பேன் நான். என் கட்சியை இங்கே எடுத்து வைக்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

நம் படங்களின் கனவுகளை எண்ணிப் பாருங்கள். நாயகி கண்மூடுவாள், காட்சி மங்கிக் கலையும், தரையெல்லாம் புகை படரும். சற்றுமுன் கிழிந்த சட்டையில் நின்றவன் இப்போது அரச உடையில் ஆடுவான். இது கனவு அன்று. கனவு வருகிறது என்று அடிக்கும் தண்டோரா.

புகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1951-இல் வந்த 'ஆவாரா' இந்திப் படத்தின் கனவிலும் புகை மண்டுகிறது. ஆனால் அங்கே ஒரு திருடனின் அச்சமும் ஆசையும் மோதுகின்றன. புகைக்கு வேலை இருக்கிறது. வேலையற்ற புகையைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் மணக்கனவைத் தோழிக்குச் சொல்கிறாள். யானைகள் வருகின்றன; மத்தளமும் சங்கும் முழங்குகின்றன; கைப்பிடிக்கிறான், தீவலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறாள், பொரி இடுகிறாள். ஒன்றிலாவது மூட்டம் உண்டா? உண்மைத் திருமணம் போலவே முறை பிசகாமல் நடக்கிறது. அதனால்தான் அக்கனவு நெஞ்சை உருக்குகிறது.

இந்த உண்மையை உணர்ந்த படம் ஒன்று நாம் வாழும் பெங்களூரிலேயே பிறந்தது. பவன் குமார் இயக்கி, மக்களிடம் திரட்டிய பணத்தில் உருவாகி, 2013-இல் வெளியான கன்னடப் படம் 'லூசியா'. நிக்கி, திரையரங்கில் கைவிளக்கு அடித்து இருக்கை காட்டும் ஏழை இளைஞன். உறக்கம் வராத அவன் ஒரு மாத்திரை வாங்கி உண்கிறான். அன்றுமுதல் கனவில் புகழ்பெற்ற நடிகனாக வாழ்கிறான். ஏழையின் வாழ்வு வண்ணத்தில் ஓடுகிறது. நடிகனின் வாழ்வு கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. வண்ணம் நனவு, கறுப்பு வெள்ளை கனவு என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். இறுதியில் அது தலைகீழாகிறது. நடிகனே உண்மை, விளக்கு அடிக்கும் வேலையும் எளிய காதலும் அவன் கண்ட கனவு!

"இது ஏமாற்று வித்தை" என்கிறார் நண்பர். இல்லை. கனவு காணும்போது அது கனவென்று நமக்குத் தெரிகிறதா? விழித்த பிறகன்றோ தெரிகிறது! அந்த அனுபவத்தை இருக்கையில் அமர்ந்தபடியே நமக்குத் தருகிறது அந்தப் படம். அதற்குப் புகையும் வேண்டியிருக்கவில்லை, மாளிகையும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விதமான ஒளிப்பதிவே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்வேன். நம் கனவுப் பாடல்கள் எப்போதும் மேலே ஏறுகின்றன: குடிசையிலிருந்து அரண்மனைக்கு. லூசியாவின் கனவோ கீழே இறங்குகிறது. எல்லாம் பெற்றவன் எதை இழந்தான் என்பதை அந்த வண்ணம் காட்டிவிடுகிறது. ஊரை விட்டு, பட்டமும் பதவியும் தேடி இந்நகருக்கு வந்திருக்கும் நம்மை அது சும்மா விடுமா? நாம் துரத்தும் வாழ்வுக்கு வண்ணமா, விட்டுவந்த வாழ்வுக்கு வண்ணமா? படம் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இப்படம் 2015-இல் 'எனக்குள் ஒருவன்' என்று தமிழிலும் வந்தது. ஆயினும் கன்னடத்திலேயே பாருங்கள் என்பேன். அண்டை வீட்டார் மொழியைக் காதில் வாங்க இதைவிட நல்ல வழி ஏது? நம் சங்கம் ஒரு மாலையில் அதைத் திரையிட்டால், புகை விரும்பும் என் நண்பரை நானே முன்வரிசையில் அமர்த்துகிறேன்.