இருவர் செலுத்தும் பெருங்கலம்

மாலுமிகளை அமர்த்தாது, கணவனும் மனைவியுமாகத் தாம் இருவரே பாய்க்கலம் செலுத்திப் பெருங்கடல் கடப்போர் மேனாடுகளில் பலர் உளர். 30 அடிக் கலம் போதுமென்றிருந்த காலம் போய், 50 அடிக் கலத்தையும் இருவர் விரும்பும் காலம் வந்துளது. இது தக்கதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பெருங்கலத்தின் நலங்களை நாம் மறுப்பதற்கில்லை. நீளம் மிக்க கலம் விரைந்து செல்லும். அலைகளில் குறைவாக ஆடும். நீரும் உணவும் மிகுதியாக ஏற்கும். அமெரிக்கரான ஸ்டீவ் டாஷூவும் அவர்தம் மனைவியார் லிண்டாவும் 78 அடிக் கலத்தையே இருவராய்ச் செலுத்தினர். ஆனால் அக்கலம் இருவர்க்கென்றே அவர்கள் வகுத்தமைத்தது என்பதை மறத்தலாகாது.

இருவர் என்கிறோம், இராக்காலத்தில் ஒருவர் உறங்க, மற்றவரே காவல் நிற்பர். ஆதலின் நெடும்பயணத்தில் எந்நேரமும் கலத்தைச் செலுத்துபவர் ஒருவரே. காற்றின் வேகம் இருமடங்காயின் பாயின்மேல் அதன் விசை நான்மடங்காகும். பரந்த பாயைச் சுருக்க ஒருவர் கைவலி போதாது. அதற்கென மின்விசையால் கயிறிழுக்கும் பொறிகளும் பாயைத் தானே சுருட்டும் கருவிகளும் உள. அவை நற்றுணையே. எனினும் உப்புநீர் எப்பொறியையும் விட்டுவைப்பதில்லை. பொறி நின்றவிடத்துக் கையே துணை. அன்றியும், ஒருவர் கடலில் வீழ்ந்தால், பாயை அடக்கிக் கலத்தைத் திருப்பி, நனைந்து கனத்த அவ்வுடலை உயர்ந்த பக்கத்தின்மேல் ஏற்றவேண்டியவர் எஞ்சிய ஒருவரே. இங்கே உயிர் அன்றோ பணயம்!

ஆகவே கலத்தின் அளவை அடிக்கோலால் அளத்தல் போதாதென்பது நம் கருத்து. இருவருள் வலிகுறைந்தவர் தனித்து நின்று, மின்விசையின் உதவியின்றிப் பாய் சுருக்கவும் நங்கூரம் எடுக்கவும் நீரில் வீழ்ந்தவரை மீட்கவும் வல்லராயின் அக்கலம் அவர்களுக்கு ஏற்றது; அன்றேல் பெரிது. துறை நீங்குமுன் இதனைச் செய்து பார்த்தல் வேண்டும். கணவன் மீகாமனாகவும் மனைவி வெறும் பயணியாகவும் செல்லும் கலத்தில் உள்ளவர் இருவரல்லர்.

ஆங்கிலேயரான எரிக் ஹிஸ்காக்கும் அவர் மனைவியார் சூசனும் 1952 முதல் 1955 வரை 30 அடிக் கலத்தில் உலகை வலம்வந்தனர். பின்னர் 49 அடிக் கலத்தில் பல்லாண்டு கடலோடினர். முதுமையில் மீண்டும் அதனிற் சிறியதையே தேர்ந்தனர். தம் வலியறிந்து கலம் கொள்ளுதல் இழிவன்று. அதுவே கடலறிந்தார் செயல்.